பாதிக்கு முடித்துவிடலாம் என்பார்கள்!

“கார்டு பாக்கி ஒன்றரை லட்சம். அறுபதாயிரம் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் சார், சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்.” நேற்றுவரை மிரட்டிய வசூல் ஏஜென்ட் இப்படிக் கனிந்து பேசும்போதுதான் உஷாராக வேண்டும்.

அவர் சொல்வது பொய்யில்லை. பணம் கட்டியதும் போன் தொல்லை நின்றுவிடும். ஆனால் வங்கி விட்டுக்கொடுத்த தொண்ணூறாயிரத்தை சிபில் அறிக்கை மறக்காது. முழுதாக அடைத்த கடன் அதில் ‘குளோஸ்டு’ என்று இருக்கும். தள்ளுபடியில் முடித்தது ‘செட்டில்டு’ என்று ஏறும். அந்தப் பதிவு ஏழு ஆண்டுகள் வரை நிற்கும். இடையில் வீட்டுக் கடன் கேட்டுப் போனால், வங்கியில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

சிபில் ஸ்கோர் 300-இலிருந்து 900 வரை. ஏஜென்ட் வாசலில் வந்து நின்றதால் அது சரிவதில்லை. அவர் வருவதற்கு வெகு முன்பே, தவணை தவறிய நாட்கள் எண்ணப்பட்டு அறிக்கையில் ஏறியிருக்கும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். ஜாமீன் கையெழுத்துப் போட்ட நண்பரின் ஸ்கோரும் சேர்ந்தே அடிவாங்கும், பாவம்.

‘ரைட் ஆஃப் செய்துவிட்டார்கள், கடன் ஒழிந்தது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சரிசெய்துகொண்டது, அவ்வளவே. கடன் அப்படியே இருக்கிறது. அதைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றும்விடலாம். பிறகு, கேள்விப்பட்டேயிராத கம்பெனியிலிருந்து போன் வரும்.

வசூலுக்காக காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அறிக்கையில் தவறு இருந்தாலும் சும்மா இருக்க வேண்டாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய கடன் தகவல் நிறுவனங்கள் நான்குமே ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

ஏற்கெனவே செட்டில் செய்தவர்கள், கையில் பணம் சேர்ந்ததும் வங்கியை அணுகி, விட்டுக்கொடுத்த தொகையையும் கட்டி ‘குளோஸ்டு’ என மாற்றித் தரக் கேட்கலாம். இப்போதுதான் பேரம் நடக்கிறதா? ஏஜென்ட் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். எவ்வளவு கட்ட வேண்டும், அறிக்கையில் என்னவென்று பதிவாகும் என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். கட்டியதும் ‘நோ டியூ’ சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.