பழைய பூவுக்குப் புதிய இதழ்

பல ஆண்டுகளுக்கு முன் அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டிய செம்பருத்திப் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதழ்களின் விளிம்புகள் கத்தரித்து ஒட்டியவை போல் விறைப்பாக இருக்கின்றன. வெளிச்சமும் நிழலும் ஒன்றோடொன்று குழையவில்லை. இதைத் திருத்த முடியுமா? திருத்தப் போய், உள்ள படமும் கெட்டுவிட்டால் என்ன செய்வது?

இதற்கு விடை காண, வண்ணங்கள் எப்படிக் காய்கின்றன என்பதை அறிய வேண்டும்.

நீர்வண்ணத்தில் நீர் ஆவியானதும் நிறமியும் கோந்தும் தாளில் தங்குகின்றன. மீண்டும் நீர் பட்டால் கரைகின்றன. எண்ணெய் வண்ணத்தில் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. 1955இல் அமெரிக்காவில் ‘லிக்விடெக்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்த, நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் காயும் விதமே வேறு.

அதில் அக்ரிலிக் என்னும் பாலிமரின் நுண்ணிய உருண்டைகள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாக ஆக அவை நெருங்குகின்றன. பூந்திகளை அழுத்தி லட்டு பிடிப்பது போல ஒன்றோடொன்று ஒட்டி நசுங்கி, முடிவில் எல்லை தெரியாமல் ஒரே படலமாகின்றன. பிறகு நீர் ஊற்றினாலும் அவை பிரிவதில்லை.

மெல்லிய பூச்சு சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். இரு நிறங்களைக் குழைக்க நேரம் கிடைப்பதில்லை. விளிம்புகள் விறைப்பாக அமைவது இதனால்தான். இக்குறையைப் போக்க, நீரை எளிதில் விடாத கிளைக்கால் போன்ற பொருள்களைச் சேர்ப்பதுண்டு. அமெரிக்காவில் ‘கோல்டன்’ நிறுவனம் 2008இல் ‘ஓப்பன்’ என்ற மெல்லக் காயும் அக்ரிலிக்கை வெளியிட்டது.

இப்போது நம் செம்பருத்திக்கு வருவோம். பழைய படலம் நீரில் கரையாது. புதிய வண்ணமோ நெடுநேரம் ஈரமாக இருக்கும். ஆகவே இதழின் நிழலை நிதானமாகக் குழைக்கலாம். பிடிக்கவில்லையா? ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிடலாம். அடியிலுள்ள பழைய பூ அப்படியே இருக்கும். ஒன்றின் பிடிவாதமும் மற்றொன்றின் பொறுமையும் சேர்ந்து நமக்கு மறுவாய்ப்புத் தருகின்றன. முழுதும் காய்ந்தபின் அந்த வாய்ப்பு இல்லை.

சில எச்சரிக்கைகள்:

முதலில், பழைய படம் எண்ணெய் வண்ணமாக இருந்தால் அதன்மேல் அக்ரிலிக் பூசக்கூடாது. சரியாகப் பிடிக்காமல் உரிந்துவிடலாம்.

அக்ரிலிக் படலம் சற்று மென்மையானது, தூசியைப் பிடித்துக்கொள்ளும். எனவே தூசி நீக்கியபின்பே தீட்டவும்.

ஈர அக்ரிலிக் வெளிறித் தெரியும்; காய்ந்தால் கருமை கூடும். நீரில் மிதக்கும் உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். எனவே பழைய இதழின் நிறத்தோடு ஒப்பிடுமுன், தனித்தாளில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள்.

தடிமனாகப் பூசாதீர்கள். மெல்லிய பூச்சே காய நாள் கணக்கில் ஆகலாம். தடித்த பூச்சுக்கு வாரக் கணக்கில் ஆகும்.

செய்து பாருங்கள்: தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையும் இத்தகைய பால்மமே. இரண்டு கண்ணாடித் துண்டுகளில் அதை மெல்லியதாகத் தடவுங்கள். ஒன்றில் மட்டும் முன்னதாகச் சிறிது கிளிசரின் கலந்துவிடுங்கள். வெண்மை மறைந்து பசை தெளிவதைக் கவனியுங்கள். எது முதலில் விரலில் ஒட்டாமல் காய்கிறது? ஏன்?