பேசாமல் பெயர் வாங்கியவர்!

பேசுவதற்காகச் சம்பளம் வாங்கியவர், பேசாமல் இருந்தும் பெயர் வாங்கினார்!

அவர்தான் வின் ஸ்கல்லி. அமெரிக்காவில் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பேஸ்பால் ஆட்டத்தை வர்ணித்தவர். 1950-ல், 22 வயதில் டாட்ஜர்ஸ் அணிக்காகப் பேசத் தொடங்கினார். 2016 வரை, 67 ஆண்டுகள் பேசினார். பெரும்பாலும் தனி ஆள்தான்!

1974 ஏப்ரல் 8. அட்லாண்டா நகரம். கருப்பு இன வீரர் ஹாங்க் ஆரன், 715-வது முறையாகப் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். பேப் ரூத் என்ற வெள்ளை வீரரின் சாதனை முறிந்தது.

"கொன்று விடுவோம்" என்று ஆரனுக்குக் கடிதங்கள் வந்திருந்த நேரம் அது.

கூட்டம் எழுந்து ஆரவாரம் செய்தது. ஸ்கல்லி மைக்கை விட்டு எழுந்து போய்விட்டார்! கைதட்டல் மட்டுமே ரேடியோவில் கேட்டது.

பிறகு திரும்பி வந்து சொன்னார்: தெற்குச் சீமையில் ஒரு கருப்பு மனிதருக்காக ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள் என்று.