நீர்த்தாரை சொல்வதும் நீராவி சொல்வதும்

சிறு படகின் பின்பலகையில் மாட்டிய மோட்டாரை முடுக்கியதும், பழகிய மீனவரின் கண் முதலில் அதன் பின்புறத்துக்குப் போகும். அங்கே பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு நீர்த்தாரை பீய்ச்சியடிக்க வேண்டும். அடித்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று பொருள். தாரை நின்றாலோ, புகைத்துளையில் வெள்ளை ஆவி பொங்கினாலோ மனம் பதறும். ஆனால் தாரை நன்றாக அடிக்கும்போதே எஞ்சின் கொதிப்பதும் உண்டு. ஆவி தெரியும்போது எஞ்சின் நலமாக இருப்பதும் உண்டு. இந்த இரண்டு அடையாளங்களையும் சரியாகப் படிக்கத் தெரிந்தவரின் மோட்டார் நடுக்கடலில் இறுகி நிற்பது அரிது.

இத்தகைய மோட்டாரைப் பரவலாக விற்பனைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வளர்ந்தவர். 1909இல் அவர் விற்கத் தொடங்கிய மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை சுமார் 28 கிலோ. மேலே எஞ்சின், நடுவே செங்குத்தான தண்டு, அடியில் பல்சக்கரங்களும் விசிறியும் என்ற அவருடைய அமைப்பு இன்றும் மாறவில்லை. தமிழகக் கரையிலும் இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளிலும் பைபர் படகுகளைத் தள்ளும் மோட்டார்களும் இந்த வம்சம்தான். பெட்ரோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை இக்கரைகளில் நன்கு பழக்கமானது.

தண்ணீர் போகும் பாதை

எரிபொருள் தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட விசிறிக்குப் போய்ச் சேர்வதில்லை. மிச்சமெல்லாம் வெப்பம். காரில் அந்த வெப்பத்தைக் காற்றில் விட ரேடியேட்டர் இருக்கிறது. படகு மோட்டாரோ, படகு மிதக்கும் நீரையே உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றி அனுப்பி, மறுபடி நீரிலேயே விட்டுவிடுகிறது.

விசிறிக்குச் சற்று மேலே, பல்சக்கரப் பெட்டியின் பக்கவாட்டில் சல்லடை போட்ட உறிஞ்சுவாய் இருக்கும். அதற்கு மேல் செங்குத்துத் தண்டைச் சுற்றிப் பம்ப். பம்புக்குள் ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர், தண்டோடு சேர்ந்து சுழலும். பம்ப் அறையின் மையமும் தண்டின் மையமும் ஒன்றல்ல. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். அகலமான பக்கத்தில் இதழ்கள் விரிந்து நீரை வாங்கும். குறுகிய பக்கத்தில் மடங்கி அதை மேலே தள்ளும். வேகம் கூடும்போது நீரின் எதிர்ப்பு இதழ்களைச் சுவரிலிருந்து விலக்கிவிடும். அப்போது சுழற்சியின் வீச்சே நீரை ஏற்றும். அதனால்தான், இதழ்கள் வளைந்தபடியே விறைத்துப்போன இம்பெல்லர் வேகத்தில் ஓரளவு சமாளித்தாலும், மெதுவான ஓட்டத்தில் தாரை தளர்ந்துபோகும்.

மேலே ஏறிய நீர் புகைப்பாதை, சிலிண்டர், அதன் தலைப்பகுதி ஆகியவற்றைச் சுற்றி, சூடேறினால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்கு வரும். கார் எஞ்சினில் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் திறக்கும். படகு மோட்டாரிலோ பெரும்பாலும் 50, 60 டிகிரியை ஒட்டியே திறந்துவிடும். கடல்நீர் அதற்கு மேல் சூடானால் அதில் கரைந்திருக்கும் உப்புகள் குழாய்ச் சுவர்களில் படிந்துவிடும் என்பதே காரணம். தெர்மோஸ்டாட்டைத் தாண்டிய நீர் மோட்டாரின் உள்ளீடற்ற காலுக்குள் விழுந்து, எரிபுகையோடு கலந்து, அடியில் வெளியேறுகிறது.

எந்த ஆவி இயல்பு, எந்த ஆவி ஆபத்து?

எரிபுகையின் வெப்பம் பல நூறு டிகிரி. அதில் நீர் விழும்போது கொஞ்சம் ஆவி எழத்தான் செய்யும். படகு மெதுவாகப் போகையில், அடியில் இருக்கும் வாயை நீரின் அழுத்தம் தடுப்பதால், புகை மேலே உள்ள சிறு துளை வழியாக நீர்த்துளிகளையும் ஆவியையும் சுமந்துகொண்டு வரும். விடியற்காலைக் குளிரில் இது பளிச்சென்று தெரியும். கவலைப்பட ஒன்றுமில்லை. டூ ஸ்ட்ரோக் மோட்டாரின் எண்ணெய்ப் புகையும் வேறு: அது நீலம் பாய்ந்து, நாற்றத்தோடு வெகுநேரம் தங்கும், ஆவியோ சில நொடிகளில் காற்றில் மறையும்.

ஆபத்தான ஆவி வறண்டிருக்கும். நீர்த்துளிகளே இல்லாமல் வெறும் ஆவியாகச் சீறும். நேரம் ஆக ஆகக் கூடும். தாரை மெலியும், அல்லது கை பொறுக்காத சூட்டில் வரும். பெயின்ட் கருகும் வாடை அடிக்கும், எஞ்சினின் வேகம் தானாகக் குறையும். ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். சிலிண்டரைச் சுற்றி அப்படி ஆவி உருவாகும்போது, வரும் நீரை அது தள்ளிவிடுகிறது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர், அடியில் உண்டான ஆவிப் படலத்தின் மேல் ஒட்டாமல் உருண்டோடுவதைப்போல, உலோகத்தை நீர் தொட முடியாமல் போகிறது. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே இரும்பு உறைக்குள் ஓடும் அலுமினிய பிஸ்டன் சுவரில் உரசி இறுகிவிடும்.

எங்கிருந்து தேடுவது?

எளிதானதில் தொடங்க வேண்டும். தாரை நின்றுவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். மோட்டாரைத் தூக்கி உறிஞ்சுவாயைப் பாருங்கள். பிளாஸ்டிக் பையோ பாசியோ ஒட்டியிருக்கும். அது சுத்தமென்றால், தாரை வரும் துளையில் தூண்டில் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். உப்போ மணலோ அடைத்திருக்கலாம். கொதிக்கும் எஞ்சின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விடலாம், தானாக ஆறட்டும். மோட்டார் பலகையில் உயரமாக மாட்டப்பட்டிருந்தால் உறிஞ்சுவாய் அலையில் மேலெழும்பிக் காற்றை இழுக்கும், அதையும் கவனியுங்கள்.

இவையெல்லாம் சரி, தாரை மட்டும் இல்லை என்றால் இம்பெல்லர்தான். கழற்றும்போது ஓர் இதழ் உடைந்திருந்தால், அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். அது நீரோடு மேலே போய்க் குறுகிய பாதையில் மாட்டிக்கொண்டால், புது இம்பெல்லர் போட்டும் பயனில்லை.

தாரை பலமாக அடித்தும் எஞ்சின் கொதிக்கிறதா? பல மோட்டார்களில் தாரைக்கான கிளை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. ஆகவே பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். குறித்த வெப்பத்தில் திறக்காவிட்டால் மாற்றுங்கள். அது நன்றாக இருந்தால், உள்பாதைகளில் உப்பு இறுகியிருக்கலாம். வெறும் உப்பு நன்னீரில் கரையும். கெட்டிப்பட்ட படிவுக்கு வினிகர் போன்ற மென்மையான அமிலம் தேவை.

தாரை குமிழ்களோடு விட்டுவிட்டு அடித்து, வேகம் கூடக்கூட அது மோசமானால், தலைப்பகுதியின் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். மூட்டை அடைக்கும் அந்தத் தகடு பழுதானால், எரிபுகை நீர்ப்பாதைக்குள் புகுந்து நீரை விரட்டும். ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவி விட்டதுபோல் வெளுத்திருந்தால், சந்தேகம் உறுதியாகும். இது மெக்கானிக்கிடம் போக வேண்டிய வேலை.

கரையிலேயே முடிக்க வேண்டியவை

மோட்டாரை உலர்ந்த நிலையில் சில நொடிகள்கூட ஓட்டக் கூடாது. இம்பெல்லருக்கு மசகும் நீர்தான், அது இல்லாவிட்டால் ரப்பர் கருகும். கடலிலிருந்து திரும்பியதும், உறிஞ்சுவாய் நன்கு மூழ்கும்படி டிரம்மில் நன்னீர் நிரப்பி, மோட்டாரைச் சற்று நேரம் ஓட்டினால் உப்பு கழுவப்படும். பிறகு நீர் வடியும்படி நிமிர்த்தியே வையுங்கள். தயாரிப்பாளர் சொன்ன கால அளவில் இம்பெல்லரை மாற்றுங்கள். மணல் கலங்கிய ஆழமற்ற நீரில் ஓடும் மோட்டாருக்கு இன்னும் முன்னதாகவே.

மோட்டாரின் அடிக்காலைக் கழற்றாமல் இம்பெல்லரை எட்ட முடியாது. அலையில் ஆடும் படகில் அந்த வேலையைச் செய்ய இயலாது. எனவே மெலிந்த தாரையைப் பார்த்த அன்றே, அடுத்த பயணத்துக்கு முன், கரையில் வைத்துக் கழற்றிவிடுங்கள். கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் வேலை, எஞ்சினையும் காக்கும், அதில் போகும் ஆளையும் காக்கும்.