மன உறுதி மட்டும் போதாது: உணவுக் கட்டுப்பாடு ஏன் பாதியில் நிற்கிறது?

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நம் வீடுகள் பலவற்றில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. இனிமேல் டீக்குச் சர்க்கரை வேண்டாம், இரவில் புரோட்டா இல்லை, ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஷவ்வால் பாதியைத் தாண்டும்போது கல்யாண விருந்துகள் வரிசை கட்டுகின்றன. முடிவு மெல்ல நழுவுகிறது. "எனக்கு அவ்வளவு மன உறுதி இல்லை" என்று சொல்லி அந்தப் பேச்சை விட்டுவிடுகிறோம்.

ஆனால் இதே மனிதர்தான் ஒரு மாதம் முழுவதும் பகலில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். கடையில் நின்று வேலை பார்த்தார், வயலுக்குப் போனார், கடலுக்குப் போனார். அவருக்கு மன உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? நோன்பு அல்லாஹ்வுக்காக நோற்கப்படும் வணக்கம். அதையும் உணவுக் கட்டுப்பாட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. என்றாலும், ரமலானில் நம்மைத் தாங்கி நிறுத்திய சில ஏற்பாடுகள் ஷவ்வாலில் இல்லாமல் போகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் குறித்த நேரம் இருந்தது. வீடே சேர்ந்து நோற்றது. தவறிய நோன்பைப் பிறகு களாச் செய்ய வழி இருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் தனி ஆளாக எடுக்கும் முடிவுதான் இரண்டே வாரத்தில் சரிகிறது.

இது வெறும் கருத்து இல்லை. நம் புதுக்கோட்டை மாவட்டமே இதற்குச் சாட்சி.

சைக்கிள் சொல்லித்தந்த பாடம்

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. படிக்காத பெரியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எழுத்தறிவு தருவதுதான் நோக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத்தருவது என்று அவர் முடிவு செய்தார். பேருந்துக்காகக் காத்து நிற்பதும், அப்பாவோ கணவரோ அண்ணனோ கொண்டுபோய் விடட்டும் என்று இருப்பதும் மாறினால்தான் பெண்கள் வகுப்புக்கும் வேலைக்கும் தொடர்ந்து போக முடியும் என்பது அதன் பின்னே இருந்த எண்ணம்.

சைக்கிள் ஓட்டிய பெண்களை ஊர் கேலி செய்தது. காது கூசும் பேச்சுகளும் வந்தன. ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் அந்தப் பேச்சிலேயே நின்றிருப்பாள். ஆனால் ஊர் ஊராகப் பயிற்சி முகாம்கள் நடந்தன. ஏற்கெனவே கற்றுக்கொண்டவர் புதிதாக வந்தவருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். சைக்கிளைப் பற்றியே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். இயக்கத்தில் இருந்த பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு ஆனது. பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துப் போகலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணி அடித்தபடி புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்த மாவட்டத்தில் தங்கி இதைப் பதிவு செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் கற்றதாக அவர் எழுதினார். அவர்களில் மிகக் கட்டுப்பாடான குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் இளம்பெண்களும் இருந்ததைத் தனியாகவே குறிப்பிட்டார். அந்தக் கட்டுரை பின்னர் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது.

அந்தப் பெண்கள் மற்றவர்களைவிட மன உறுதி கூடுதலாகப் பெற்றுப் பிறந்தவர்கள் அல்லர். கூட வருவதற்கு ஆள் இருந்தது. கற்றுக்கொள்ள இடமும் நேரமும் இருந்தன. கற்றதன் பலன் அடுத்த வாரமே கண்ணுக்குத் தெரிந்தது: தண்ணீர் எடுப்பது எளிதானது, விளைபொருளைப் பக்கத்து ஊர்களில் விற்க முடிந்தது, பேருந்துக்கு நின்ற நேரம் மிச்சமானது. கீழே விழுவதை யாரும் தோல்வி என்று எண்ணவில்லை. கற்றுக்கொள்ளும்போது விழத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாட்டை மாற்ற முயல்பவருக்கும் இதே ஏற்பாடுகள்தான் தேவை.

இது ஏன் அவசரம்?

ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் 14 பேருக்கு இந்த நோய். 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். மாத்திரை வீடு தேடி வந்துவிடும். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

விளிம்பில் நிற்பவர்களுக்கு இதில் நல்ல செய்தியும் உண்டு. உணவை மாற்றி, எடையைக் கொஞ்சம் குறைத்து, தினமும் நடந்தால், அவர்களில் பலருக்கு நோய் வருவதைத் தள்ளிப்போடலாம், தவிர்க்கவும் செய்யலாம்.

சிறியதாக, நிலையாக

நிலையாகச் செய்யப்படும் செயல் சிறியதாக இருந்தாலும் அதுவே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அறிவோம் (புகாரி, முஸ்லிம்). வயிற்றை மூன்று பங்காக்கி, உணவுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று என்று விடச் சொன்னதையும் அறிவோம் (திர்மிதி). இந்த இரண்டையும் சேர்த்து ஒரு டீ கிளாசில் பார்ப்போம்.

ஒருவர் நாளைக்கு நான்கு டீ குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால் நாளைக்கு 40 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம். வருடத்துக்கு 14 கிலோவுக்கும் மேல். சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நாளை காலையிலேயே சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் நான்காம் நாள் டீ கசக்கும், பழைய அளவுக்கே திரும்பிவிடுவோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். இரண்டு மாதத்தில் டீ சர்க்கரை இல்லாமலேயே இறங்கும்.

இன்னொன்று, முடிவை நேரத்தோடு கட்டிவைப்பது. 'நடக்க வேண்டும்' என்ற முடிவு காற்றில் நிற்கிறது. 'மஃரிப் தொழுததும் 20 நிமிடம் நடப்பேன்' என்ற முடிவுக்குக் கால் இருக்கிறது. 'எப்போது, எங்கே' என்பதை முன்கூட்டியே குறித்துவைப்பவர்கள் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐவேளைத் தொழுகை உள்ள நமக்கு நாளில் ஐந்து குறிகள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிய பழக்கத்தை அவற்றில் ஒன்றின் பக்கத்தில் வைத்தால் போதும்.

நம் சமையல் எதிரி அல்ல

உணவுக் கட்டுப்பாடு என்றதும் ஓட்ஸும் வெளிநாட்டுப் பழமும் நினைவுக்கு வருகின்றன. அதனால்தான் பலரும் தொடங்குவதே இல்லை. நம் அடுப்படியிலேயே நல்லது நிறைய இருக்கிறது.

தால்ச்சாவில் பருப்பும் காயும் இருக்கின்றன. விருந்தில் சோற்றைப் பாதியாக்கித் தால்ச்சாவைக் கூட்டினால் கணக்கு மாறிவிடுகிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் இறங்கும் மத்தி, நெத்திலி போன்ற மீன்கள் விலை குறைவு, சத்து அதிகம். அவற்றை எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது நல்லது. கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவு பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நோன்புக் கஞ்சியையே பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் கறி. பகல் முழுவதும் காய்ந்த வயிற்றுக்கு இதைவிட இதமான உணவு குறைவு. அதன் பக்கத்தில் வைக்கும் சமோசா, வடை, பஜ்ஜி, கலர் சர்பத் ஆகியவைதான் சிக்கல். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி என்று நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் பொரித்ததன் மேல் உள்ள ஆசையில் பாதி போய்விடும்.

ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின் சாரம் எளியது: தட்டில் பாதி காயும் பழமும், மீதியில் தானியமும் பருப்பும் மீன், முட்டை போன்றவையும். நம் தட்டில் சோறு முக்கால் பங்கு. ஒரே நாளில் அதைப் பாதியாக்க வேண்டாம். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி கீரையோ அவரைக்காயோ கூட்டுங்கள். ஒரு மாதம் அதில் நின்றுவிட்டு அடுத்த கரண்டிக்குப் போகலாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இந்த மாற்றங்களை மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். நோன்பு நோற்க விரும்பினால் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே அவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்வது அவசியம்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் பத்தியம் வேண்டாம்

அத்தாவுக்குச் சர்க்கரை வந்தால் என்ன நடக்கிறது? அவருக்குத் தனியாகக் கோதுமைத் தோசை, மற்றவர்களுக்கு நெய்ச்சோறு. பக்கத்தில் பிள்ளைகள் பிரியாணி சாப்பிட, அவர் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? இரண்டு சமையல் செய்யும் அம்மாவும் எத்தனை நாள் தாங்குவார்? வீடு முழுக்க ஒரே சமையல், அதில் எல்லோருக்கும் கொஞ்சம் எண்ணெயும் சர்க்கரையும் குறைவு என்றால்தான் அது நிலைக்கும். பிள்ளைகளுக்கும் அது நல்லதுதான்.

அம்மாவுக்கே சர்க்கரை வந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று கடைசியாகச் சாப்பிடுபவர் அவர். அவர் எப்போது சாப்பிடுகிறார், என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் கவனிப்பதில்லை. பல வீடுகளில் கணவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். தினமும் பேசும்போது பிள்ளைகளின் படிப்பைக் கேட்பதுபோல, "நீ சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, இன்று நடந்தாயா" என்று கேட்பதும் ஒரு துணைதான்.

நடை என்று வரும்போது, 1991இல் சைக்கிளுக்கு வந்த அதே பேச்சு இன்றும் வருகிறது. காலையில் ஆண்கள் ரோட்டில் கைவீசி நடப்பது இயல்பாகத் தெரிகிறது. ஒரு பெண் தனியாக நடந்தால் 'எங்கே போகிறாள்' என்று கேட்கிறார்கள். இதற்கும் அன்று கண்ட வழிதான். தெருவில் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு நேரம் குறித்துக்கொண்டால் பேச்சு அடங்கும். வீட்டு ஆண்கள் அந்த அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஜமாஅத்துகள் நினைத்தால் மதரஸா வளாகத்திலோ ஊர்த் திடலிலோ பெண்களுக்கென நேரம் ஒதுக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது மருத்துவம் கேட்கும் குறைந்தபட்ச நடை. ஐந்து நாள், நாளைக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான்.

தவறினால் களா

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு புதிய செயல் தானாகவே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைகூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

இது நமக்குத் தெரியாததா? பயணத்தாலோ உடல்நலக் குறைவாலோ ஒரு நோன்பு விடுபட்டால், மாதமே போய்விட்டது என்று யாரும் மற்ற நோன்புகளை விடுவதில்லை. விடுபட்டதைக் களாச் செய்கிறோம். வலீமாவில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டால் அன்று ஒரு நாள் தவறியது, அவ்வளவுதான். 'இனி எதற்கு' என்று மறுநாளும் தவறவிடும்போதுதான் முடிவு உண்மையில் முறிகிறது. மறுநாள் காலை டீ பழையபடி குறைந்த சர்க்கரையோடு வந்துவிட்டால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

ஆகவே அடுத்த முறை முடிவு எடுக்கும்போது மூன்று கேள்விகளை வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில்? யாரோடு? தவறினால் எப்படித் திரும்புவது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் முடிவு சிறியதாக இருந்தாலும் நிற்கும். நம் உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணிக்கொள்ளும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக.