பெரியம்மாவின் தங்க வாட்ச்: விற்கும் முன் போட வேண்டிய கணக்கு

போன மாதம் எங்க பெரியம்மா பொண்ணு போன் பண்ணாங்க. "தம்பி, அம்மாவோட ஒமேகா வாட்ச் இருக்குல்ல, அதை வித்துரலாம்னு இருக்கேன். பையனுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும். நகைக்கடையில 1,34,000 சொல்றாங்க. கொடுத்துரவா?"

பெரியப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது, 1970-களில் வாங்கி வந்த லேடீஸ் வாட்ச் அது. தங்க செயினோடு சேர்ந்தது. "அக்கா, ஒரு நாள் பொறுங்க"ன்னு சொன்னேன். அந்த ஒரு நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தது. எப்படின்னு பார்ப்போம். உங்க வீட்டு பீரோவிலும் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம்.

1. முதலில், அது தங்கமா, தங்க முலாமா?

நம்ம வீடுகளில் இருக்கும் தங்க நிற வாட்சுகளில் பெரும்பாலானவை முலாம் பூசியவைதான். பழைய எச்.எம்.டி., டைட்டன் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. (டைட்டனின் நெபுலா வரிசை விதிவிலக்கு. அது 18 கேரட் தங்கம்.)

வாட்ச் ரிப்பேர் கடையில் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். முத்திரை பெரும்பாலும் உள்பக்கம்தான் இருக்கும்.

- 750 அல்லது 18கே: 75% தங்கம்.
- 585 அல்லது 14கே: 58.5% தங்கம்.
- பழைய சுவிஸ் வாட்ச் என்றால் சின்னதாக ஒரு பெண் தலை இருந்தால் 18 கேரட், அணில் இருந்தால் 14 கேரட். 1995-க்குப் பிறகு வந்தவற்றில் நாய்த் தலை இருக்கும்.
- "கோல்டு ஃபில்டு", "ரோல்டு கோல்டு", "20 மைக்ரான்", "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று இருந்தால் அது முலாம். தங்க மதிப்பை மறந்துவிடுங்கள்.

செயினைத் தனியாகப் பாருங்கள். கேஸ் தங்கமாகவும் செயின் முலாமாகவும் இருப்பது சகஜம். அக்காவின் வாட்சில் இரண்டிலும் 750 இருந்தது.

2. தங்க மதிப்பு: இதுதான் உங்க அடிமட்ட விலை

வாட்சை அப்படியே தராசில் வைக்காதீர்கள். உள்ளே மெஷின், டயல், கண்ணாடி இருக்கு. அவற்றைக் கழற்றச் சொல்லி, கேஸையும் செயினையும் மட்டும் எடை போடுங்கள்.

அக்காவின் வாட்ச் மொத்தம் 31 கிராம். மெஷினைக் கழற்றியபின் தங்கம் மட்டும் 26 கிராம். கணக்கு எளிதாக இருக்க, 24 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

26 × 75% = 19.5 கிராம் சுத்தத் தங்கம். மதிப்பு 1,95,000 ரூபாய்.

அப்போ அந்தக் கடை 1,34,000 எப்படிச் சொன்னாங்க? கழற்றாமலே மெஷினுக்கு 8 கிராம் கழித்து 23 கிராம் என்றார்கள். சோதிக்காமலே 14 கேரட் என்றார்கள். 23 × 58.5% = 13.455 கிராம், அதாவது 1,34,550 ரூபாய். எடையில் 3 கிராம், தரத்தில் 4 கேரட். இந்த இரண்டு ஊகத்தில் 60,450 ரூபாய் போயிருக்கும்.

கேரட் மீட்டர் இருக்கும் கடையில், உங்க கண் முன்னாடி சோதிக்கச் சொல்லுங்கள். உருக்கு சேதாரம் என்று கொஞ்சம் கழிப்பார்கள், அது நியாயம். எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வாட்சாக விற்றால் கூட வருமா?

உருக்கிய வாட்ச் திரும்ப வராது. அதனால் இதை விற்பதற்கு முன் பார்க்க வேண்டும்.

நேராகச் சொல்றேன்: பழைய லேடீஸ் வாட்சுக்கு சேகரிப்பாளர்களிடம் கிராக்கி குறைவு. டயல் ரொம்பச் சின்னது, இன்றைக்கு அணிய விரும்புபவர்கள் கம்மி. பல நேரம் தங்க மதிப்புதான் பெரிய தொகை. ஆனால் படேக் பிலிப், கார்டியே, ரோலக்ஸ் போன்ற பெயர்கள் இருந்தால் அவசரப்படாதீர்கள்.

பார்க்க வேண்டியவை மூன்று. டயல், மெஷின், கேஸ் எல்லாம் அதே கம்பெனியுடையதா? டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறதா? பெட்டி, பில், கேரண்டி கார்டு இருக்கிறதா?

ஆன்லைனில் விலை தேடும்போது ஒரு தப்பு எல்லோரும் செய்வோம். விற்பவர் போட்டிருக்கும் விலையைப் பார்த்து சந்தோஷப்படுவோம். அது அவருடைய ஆசை. ஈபேயில் "விற்றுமுடிந்தவை" என்று வடிகட்டிப் பாருங்கள், அதுதான் சந்தை விலை. அதிலும் கமிஷன், கூரியர் செலவு கழியும்.

அக்காவின் வாட்சில் மெஷின் ஒரிஜினல். ஆனால் டயலுக்கு எப்போதோ உள்ளூரில் பெயின்ட் அடித்திருந்தார்கள். பழைய வாட்ச் வியாபாரி சொன்ன விலை தங்க விலையைத் தாண்டவில்லை. முடிவு எளிதாகிவிட்டது.

4. வரி: இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள்

"சொந்த உபயோகப் பொருள், வரி இல்லை" என்று நினைக்காதீர்கள். அந்த விலக்கு நகைக்குக் கிடையாது. தங்க வாட்சை நகையாகவே எடுத்துக் கணக்குப் போடுவதுதான் பாதுகாப்பு.

வாரிசாக வந்தபோது வரி இல்லை. விற்கும்போது லாபத்துக்கு உண்டு. பெரியம்மா வைத்திருந்த காலமும் சேரும், அதனால் இது நீண்டகால மூலதன ஆதாயம். 12.5% வரி, அதன்மேல் 4% செஸ். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்பதால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி வையுங்கள்.

1,88,000-க்கு விற்று, 2001 மதிப்பு 10,000 என்றால் லாபம் 1,78,000. வரியும் செஸ்ஸும் சேர்த்து 23,140 ரூபாய். சம்பளக்காரரான நீங்கள் விற்றால் இதைக் கட்ட வேண்டும். ஐடிஆர்-1 போதாது, ஐடிஆர்-2 போட வேண்டும்.

அக்காவுக்கு வேறு வருமானம் இல்லை. லாபம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் அடங்கியதால் வரி பூஜ்யம். உடனே "அப்போ மனைவி பேருக்கு மாத்திட்டு விக்கலாமா?"ன்னு கேட்காதீங்க. அந்த லாபம் உங்க வருமானத்தோடதான் சேரும்.

பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள், பில்லை விடாதீர்கள்.

கடைசியா என்ன ஆச்சு?

வேறொரு கடையில் முன்னாடியே சோதித்து, சேதாரம் போக 1,88,000 கொடுத்தார்கள். ஹாஸ்டல் ஃபீஸ் கட்டியாச்சு. மெஷினையும் டயலையும் கடையில் விடாமல் கேட்டு வாங்கச் சொல்லியிருந்தேன். ரிப்பேர்காரரிடம் விற்றால் சில ஆயிரம் கிடைக்கலாம்.

அக்கா விற்கவில்லை. சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து அதில் வைத்திருக்காங்க. "சாவி கொடுத்தா இன்னும் ஓடுது தம்பி"ன்னாங்க. அதுக்கு நான் கணக்கு எதுவும் போடலை.