கண்ணாடி கிளாஸ்

கூவத்தூரில் பஸ் ஏறும்போது காலை பத்து மணி. என்னுடன் வந்தவர் செய்யூர் பக்கத்துக் காலனியைச் சேர்ந்த பெரியவர். வயது அறுபதைத் தாண்டியவர். கரும்பு வெட்டு, சேடை, உப்பளம் என்று எல்லா வேலையும் பார்த்த உடம்பு. அவருடைய மகன் ஓட்டல் படிப்பு முடித்து, மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளில் சில காலம் இருந்துவிட்டு, இப்போது புதுச்சேரியில் பீர் வடித்து விற்கும் உணவகம் ஒன்றில் பரிமாறுகிறான். "அப்பாவ ஒரு தடவ உக்கார வச்சு நான் எடுத்தாந்து வைக்கணும்ணா. நீங்க கூட்டிட்டு வந்தாத்தான் வருவாரு" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரையும் பெயரையும் மட்டும் எழுத வேண்டாம் என்றார் பெரியவர். எழுதவில்லை.

மாணவர்கள் படிக்கும் பத்தியில் மதுக்கூடத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அயோத்திதாசப் பண்டிதர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே மதுவுக்கு எதிராக எழுதியவர். 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டில் நம் பெண்கள் எப்படித் திரண்டார்கள் என்பதையும் மறக்கவில்லை. நான் எலுமிச்சை சோடாதான் குடித்தேன். என் அம்மா இதைப் படிப்பார் என்பதால் இந்த வரி.

உள்ளே நுழைந்தால் இடமில்லை. சென்னைக் கார்கள், பெங்களூருக் கார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் எஃகு அண்டாக்கள். பையன் விளக்கினான். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். அதை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து, சில வாரம் நொதிக்க விடுகிறார்கள். கோதுமை பீரில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுவதுண்டாம். பெரியவருக்கு அது ஆச்சரியமாக இல்லை. "சக்கைய என்ன பண்ணுவீங்க?" என்றுதான் கேட்டார். மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது என்றதும் திருப்தியாகத் தலையாட்டினார்.

அந்த ஊரில் 'கேட்டமரான்' என்ற பெயரிலேயே ஒரு பீர் கூடம் இருக்கிறது. நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய்ப் பலகையில் ஏறித் திரும்பியிருக்கிறது. புதுச்சேரியில் கள்ளுக்கும் அனுமதி உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை, நமக்கு டாஸ்மாக். அதற்கும் காசில்லாதவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதை 2023 மே மாதம் பார்த்தோம். நம் மாவட்டத்தில் சித்தாமூர் பக்கம் பெருங்கரணையிலும், விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தில் 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேல். இங்கே ஒரு கிளாஸ் 350 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டில் வைத்த ஒரு நாள் கூலி 319.

பெரியவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தோளில் கிடந்த துண்டு மடியில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. பக்கத்து மேசையில் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எந்த ஊரு, எந்தத் தெரு" என்றும் கேட்கவில்லை. மகன் சீருடையில் வந்து, மற்ற மேசைகளுக்கு வைப்பதுபோலவே அட்டை விரித்து, அதன்மேல் கிளாஸை வைத்தான். "குடிப்பா" என்றான். அவர் பாதி குடித்தார். கசக்குது என்றார். மீதியையும் குடித்தார்.

பிறகு எழுந்தார். காலி கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். கழிவறைக்கு வழி தேடுகிறார் என்று நினைத்து எழுந்தேன்.

"குழா எங்கப்பா? கழுவி வச்சுடறேன்."

மகன் ஓடிவந்து கிளாஸை வாங்கிக்கொண்டான். "இங்க நாங்கதாம்ப்பா கழுவுவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

எனக்குப் புரிய விளக்கம் தேவைப்படவில்லை. என் சின்ன வயதில் எங்கள் ஊர் டீக்கடையில் நமக்கான கிளாஸ் கூரை வாரையில் தனியாகச் செருகியிருக்கும். எடுத்து, குடித்து, கழுவி, அங்கேயே செருக வேண்டும். அதற்கு முன்பு கொட்டாங்குச்சி என்பார் தாத்தா. இப்போது செருகி வைப்பதில்லை. பேப்பர் கப் வந்துவிட்டது. பெரியவரின் ஊர்க் கடையில் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரர்களுக்குப் பேப்பர் கப். கேட்டால் சுத்தம், சுகாதாரம் என்று பதில் வருகிறதாம். எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் அது சுகாதாரம். ஒரு தெருவுக்கு மட்டும் என்றால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது.

இது தொலைதூரத்துக் கதையும் அல்ல. 2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தங்களை எழுப்பி அனுப்பினார்கள் என்று பூஞ்சேரி நரிக்குறவப் பெண் ஒருவர் வீடியோவில் பேசினார். அமைச்சர் சேகர்பாபு வந்து அவருடன் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று, முதல்வர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா கொடுத்தார். பந்தியில் ஒரு இடம் கேட்டதில் தொடங்கியது அது.

மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம் எதிலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2). 17 தீண்டாமையை ஒழித்தது. பொதுவில் வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் செய்வது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2016 முதல் அமலில் உள்ள திருத்தத்துக்குப் பிறகு அதிலும் இது சேர்ந்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் பதிவாகும் வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். உதவி எண் 14566. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் பொது என்று சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அவர் மாவட்டத்தில்தான் நூறு வருஷம் கழித்து ஒரு டீ கிளாஸைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பும்போது மரக்காணம் உப்பளம் தாண்டும்வரை பெரியவர் பேசவில்லை. மகன் ஏற்கெனவே இரண்டு முறை புகார் எழுதி, இவர் கிழித்துப் போட்டது எனக்குத் தெரியும். அறுப்புக் காலத்தில் ஊர்க்காரர் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கு என்று மாதச் சம்பளக்காரனான நான் எப்படிச் சொல்வது? கடப்பாக்கம் வந்தபோது, "நாளைக்கு கிளாஸ்ல கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

மறுநாள் கேட்டிருக்கிறார். கிளாஸ் கழுவவில்லை என்று சொல்லிப் பேப்பர் கப்பை நீட்டியிருக்கிறார் கடைக்காரர். வாங்காமல் வந்துவிட்டார். செவ்வாயும் போனார், அதே பதில். புதன்கிழமை காலனியிலிருந்து இன்னும் நான்கு பேர் அவருடன் போய்க் கேட்டுவிட்டு, டீ குடிக்காமல் திரும்பினார்கள். இரவு எனக்குப் போன் செய்தார். "மனு ஒண்ணு எழுதிக் குடு தம்பி. கைநாட்டு வேணாம், கையெழுத்தே போடுவேன்."

எழுதிவிட்டேன். வரும் திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ஐந்து பேரும் வருகிறார்கள். பையன் லீவு போட்டிருக்கிறான்.