விதைநெல் மூட்டையில் அசுத்தம் செய்யும் பயந்த பூனை... விரட்டாமல் திருத்த வழி உண்டு!

கேள்வி: ''ஐயா, எங்களுக்கு 3 ஏக்கர் நஞ்சை. எலித் தொல்லைக்காக வீட்டில் 4 பூனைகள் வளர்க்கிறோம். மூன்று பழையவை. நான்காவது, போன ஐப்பசி மழையில் நனைந்து கிடந்ததை என் மகன் தூக்கிவந்த சாம்பல் நிறப் பெட்டைக் குட்டி. 7 மாதம் ஆகியும் பரணைவிட்டு இறங்கப் பயப்படுகிறது. தெருநாய்கள் தொல்லையால் இரவில் பூனைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறோம். பின்கட்டில் ஒரு டப்பில் மணல் கொட்டி வைத்திருக்கிறோம். மற்ற மூன்றும் அதில் போகின்றன. இது மட்டும் குறுவைக்கு வைத்திருக்கும் ஏ.டி.டி 43 விதைநெல் மூட்டைமேல் அசுத்தம் செய்கிறது. அடித்தும் பார்த்தோம், திருந்தவில்லை. 'சாக்கில் கட்டி சந்தைப்பேட்டையில் விட்டுவிடலாம்' என்கிறார் வீட்டுக்காரர். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கும் பூனையால் ஆபத்து என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். பூனையை அனுப்பக் கூடாது என்று மகன் அழுகிறான். என்ன செய்வது?''

- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நான்கு கவலைகள் இருக்கின்றன: விதைநெல், மகளின் உடல்நலம், மகனின் மனசு, அந்தப் பூனை. நான்கையும் காப்பாற்ற முடியும். நான் வேளாண்மை படித்தவன். அதனால், பூனை தொடர்பான விஷயங்களை எங்கள் வட்டாரக் கால்நடை உதவி மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பூனைக்கு மணல் டப் எங்கே இருக்கிறது என்பது தெரியும். அங்கே போய்த் திரும்பத்தான் பயம். பரணிலிருந்து இறங்கி, கூடத்தைத் தாண்டி, மூன்று பெரிய பூனைகளின் முன்னால் நடந்து பின்கட்டுக்குப் போக வேண்டும். வழியில் ஒரு பூனை சும்மா உட்கார்ந்து முறைத்துப் பார்த்தாலே போதும், பயந்த பூனை திரும்பிவிடும். சண்டை, சத்தம் எதுவும் இல்லாததால் இது நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பாதுகாப்பாகப் படுகிற இடம் மூட்டை அடுக்கு. உயரமாக இருக்கிறது, சாக்கு மெத்தென்று இருக்கிறது, ஏற்கெனவே தன்னுடைய வாடையும் அங்கே இருக்கிறது. அடித்தால் பயம் கூடும். பயம் கூடினால் மூட்டைமேல் போவதும் கூடும். எனவே, அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அசுத்தத்தில் மூக்கைத் தேய்ப்பதும் வேண்டாம்.

நோயா என்று பாருங்கள்

வேறு எதையும் செய்வதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, போகும்போது கத்துவது, சிறுநீரில் ரத்தம், பிறப்புறுப்பை ஓயாமல் நக்குவது ஆகியவை சிறுநீர்ப்பைக் கோளாறின் அறிகுறிகள். மன அழுத்தத்தாலேயே பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வருவதுண்டு. வலி வந்த இடம் மணல் டப் என்றால், வலி தீர்ந்த பிறகும் அந்த டப்பைப் பூனை ஒதுக்கும்.

ஆண் பூனை வைத்திருக்கும் எல்லோரும் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாள்களில் உயிரே போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கொண்டுபோக வேண்டும். வீட்டில் இருக்கிற பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உட்கார்ந்து தரையில் குளம்போலப் போனால் அது கழிப்பது. நின்றுகொண்டு, வாலைத் தூக்கிச் சுவரிலோ மூட்டையின் பக்கவாட்டிலோ பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. இரண்டாவது பழக்கம் கருத்தடை செய்யாத ஆண் பூனைகளிடம் அதிகம். 'அந்தச் சாம்பல் பூனைதான்' என்று பழி போடுவதற்கு முன், யார் செய்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டப் எத்தனை, எங்கே?

கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் மணல் டப்களின் எண்ணிக்கை. உங்கள் வீட்டுக்கு 5. பழைய பூனைகள் பகலில் கொல்லைப்பக்கம் போய்வருவதால், முதலில் 3 டப் வைத்துத் தொடங்குங்கள். பலன் போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ளலாம்.

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். மூன்றையும் பின்கட்டில் வரிசையாக வைத்தால், பூனையின் கணக்கில் அது ஒரே இடம்தான். ஒரு பூனை வாசலில் உட்கார்ந்து மூன்றையும் மறித்துவிடும். ஒன்று பின்கட்டில் இருக்கட்டும். ஒன்றைப் பரணுக்குக் கீழே, அது இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்று மூட்டை இருக்கும் அறையிலேயே இருக்கட்டும். மூலையில் ஒட்டி வைக்காமல், இரண்டு பக்கமும் தப்பி ஓட வழியுள்ளபடி வையுங்கள். மேலே மூடி வேண்டாம். சோறு, தண்ணீர் வைக்கும் இடத்துக்கும் மாவு மெஷின், மோட்டார் போன்ற சத்தம் வரும் இடத்துக்கும் அருகில் வைக்கக் கூடாது.

டப் சுமார் 2 அடி நீளம் இருந்தால் வளர்ந்த பூனை தாராளமாகத் திரும்பும். பழைய பிளாஸ்டிக் டப்பில் ஒரு பக்கத்தை மட்டும் 3, 4 அங்குல உயரத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்துவிட்டால் போதும். பூச்சிமருந்து கேனை மட்டும் வெட்டிப் பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் விஷம் முழுமையாகப் போகாது. பூனை தன் பாதத்தை நக்குகிற பிராணி.

உள்ளே, சல்லடையில் சலித்த உலர்ந்த மென்மணலை 2 அங்குல உயரத்துக்குப் போடுங்கள். சாம்பல் பூனைக்கான டப்பில் மட்டும், அது போய்ப் பழகிய சாக்கின் ஒரு சிறு துண்டை முதல் சில நாள்கள் மணல்மேல் போட்டு வையுங்கள். தன் வாடை இருப்பதால் தயக்கம் குறையும். தினமும் காலை, மாலை கட்டியையும் மலத்தையும் அள்ளிவிட வேண்டும். வாரம் ஒருமுறை மணலை முழுக்க மாற்றி, டப்பைச் சாதாரண சோப்பில் கழுவிக் காயவிடுங்கள்.

தனி அறையில் 2 வாரம்

டப்களை வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பயத்தைக் குறைப்பது மீதிப் பாதி. ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சிறு அறையை 2 வாரத்துக்கு அந்தப் பூனைக்கு ஒதுக்குங்கள். நெல் மூட்டை அந்த அறையில் இருக்கக் கூடாது. ஒரு மூலையில் மணல் டப், எதிர் மூலையில் சோறும் தண்ணீரும், ஒளிந்துகொள்ள பக்கவாட்டில் சாய்த்த அட்டைப்பெட்டி, உயரத்தில் ஏறி உட்கார ஒரு பலகை. இவ்வளவுதான் தேவை. சிறை வைப்பதாக நினைக்க வேண்டாம். யாரும் மறிக்காத கழிப்பிடம் அதற்குக் கிடைப்பது அங்கேதான்.

இந்த வேலையை உங்கள் மகனிடம் கொடுங்கள். தினமும் இரண்டு வேளை, சோறு வைக்கும் நேரத்தில் அவன் அறையில் தரையில் உட்காரட்டும். கண்ணைப் பார்த்து முறைக்கக் கூடாது, எட்டிப் பிடிக்கக் கூடாது. படிக்கிற பாடத்தை மெல்லிய குரலில் வாய்விட்டுப் படித்தால்கூடப் போதும், குரல் பழகிவிடும். பூனை தானாக வந்து கையை முகர்ந்த பிறகுதான் கன்னத்தைத் தடவ வேண்டும். கழுவி வேகவைத்த ஒன்றிரண்டு நெத்திலி கொடுத்தால் சிநேகம் சீக்கிரம் வரும்.

டப்பில் ஒழுங்காகப் போகத் தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகு, மற்ற பூனைகளோடு பழக்குங்கள். ஒரு துணியால் பழைய பூனைகளின் கன்னத்தைத் துடைத்து இதன் அறையில் போடுங்கள். இதைத் துடைத்த துணியை வெளியே போடுங்கள். வாடை பழகட்டும். பிறகு, மூடிய கதவின் இரு பக்கமும் சோறு வையுங்கள். சீறாமல் சாப்பிட்டால், அடுத்த சில நாள்கள் கதவை ஓரங்குலம் திறந்து கட்டிவைத்துச் சோறு வையுங்கள். அதன்பிறகே நேருக்கு நேர் விட வேண்டும், அதுவும் முதலில் 10 நிமிடம் மட்டும். நடுவில் சீறல் கூடினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

அதன்பிறகும் நான்குக்கும் ஒரே தட்டில் சோறு வைக்காதீர்கள். நான்கு தட்டு, நான்கு இடம். பரணுக்கு ஏற ஒரு வழியும் இறங்க வேறு வழியும் இருக்கும்படி ஒரு பலகையைச் சாய்த்துவிட்டால், பயந்த பூனை மாட்டிக்கொள்ளாது.

பெட்டைப் பூனை சுமார் 6 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். இனச்சேர்க்கை ஆனால் ஏறக்குறைய 65 நாளில் குட்டி ஈனும். வீட்டில் கடுவன் இருந்தால் அதன் துரத்தலும் இதன் பயத்துக்குக் காரணமாக இருக்கலாம். பூனைகள் கூடக்கூட இடத்தகராறும் கூடும். எனவே, எல்லாப் பூனைகளுக்கும் கருத்தடை செய்துவிடுவது நல்லது. அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். உங்கள் பகுதிக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டக்கூடிய தூரம்தான்.

பினாயில் வேண்டாம்

அசுத்தம் செய்த இடத்தில் நம் வீடுகளில் முதலில் ஊற்றுவது பினாயில். அது பூனையின் உடலுக்குத் தாங்காது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அந்துருண்டையும் அப்படியே. மிளகாய்த்தூள் தூவுவது கண்ணையும் மூக்கையும் புண்ணாக்கும். சிறுநீர்மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும், அது மனிதருக்கும் கெடுதல். பழைய துணியால் ஒற்றி எடுத்து, என்சைம் கலந்த சலவைத்தூள் கரைசலால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவிடுவதே சரி. வாடை மிச்சமிருந்தால் பூனை அங்கேயே திரும்பப் போகும். நனைந்த சாக்கை எடுத்து எரித்துவிடுங்கள்.

விதைநெல்லை என்ன செய்வது?

சிறுநீர் பட்ட நெல்லைத் தனியாக அள்ளி ஒதுக்கிவிடுங்கள். அதை விதைக்கோ உணவுக்கோ சேர்க்க வேண்டாம். மீதியை நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் 13 சதவிகிதத்துக்கு மேல் இல்லாதபடி பார்த்துப் புதுச் சாக்கில் கட்டுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். அந்த அறைக்குக் கம்பிவலைக் கதவு போட்டால் காற்றும் வரும், பூனையும் ஏறாது. கதவு போடும் நாளில், மூட்டை அறையிலுள்ள டப்பைக் கதவுக்கு வெளியே நகர்த்திவிடுங்கள்.

விதைப்புக்கு முன் முளைப்புத்திறன் பாருங்கள். 100 நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பி, சுருட்டி வைத்து, தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் 80-க்கு மேல் நன்றாக முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். குறைந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் வேறு விதை கேளுங்கள்.

மகளுக்கு ஆபத்தா?

பூனையின் மலம் வழியாகப் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி உண்மையிலேயே உண்டு. கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். எலி பிடிக்கும் பூனைகளுக்கு அது வர வாய்ப்பும் உண்டு. ஆனால், பூனையைத் தொட்டாலே வந்துவிடாது. முதன்முறை தொற்றிய பூனை 1 முதல் 3 வாரம் வரைதான் பொதுவாகக் கிருமியை வெளியேற்றும். மலத்தோடு வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள்கள் ஆகும். எனவே, தினமும் தவறாமல் அள்ளிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும்.

மகள் மணல் டப்பையோ அசுத்தமான சாக்கையோ தொடவே கூடாது. அள்ளுகிறவர் கையுறை போட்டு, பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும். அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் ஆகியவற்றிலிருந்தும் இதே கிருமி வரும் என்பதால், அவற்றிலும் மகள் கவனமாக இருக்கட்டும். வீட்டில் பூனை இருப்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேவையென்றால் அவர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். அள்ளியதை எருக்குழியிலோ மண்புழு உரத்தொட்டியிலோ காய்கறிப் பாத்தியிலோ போடாமல், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

சந்தைப்பேட்டையில் விடுவது பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். சொந்த வீட்டிலேயே பரணைவிட்டு இறங்கப் பயப்படும் பூனை, நாய்களும் லாரிகளும் நிற்கும் இடத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது. மணல் டப்களுக்கு ஆகும் செலவும் பெரிதல்ல. 2 மாதம் அவகாசம் கேளுங்கள். எந்த நாள், எந்த இடத்தில் போனது என்று மகனை ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். மூட்டைமேல் போன நாள்கள் வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். குறையாவிட்டால் நோட்டோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பயத்தைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு, அவர் எடை பார்த்துத் தருவார்.

விதைப்பு முடிந்ததும், பூனையின் நிலைமை பற்றி நமக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள் அம்மா. மற்ற வாசகர்களுக்கும் பயன்படும்.